ஒளியின் சுவடு கண்ட டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன்

புது தில்லியில், பூசா வட்டாரத்திலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் வாயிலை ஒட்டிச் செல்லும் சாலைக்கு டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் சாலை என்று பெயர். கரோல் பாகிலும் ராஜேந்திர நகரிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தார் அடிக்கடி காணும் பெயர் அது. ஆயினும் அப்பெயருக்கு உரியவர் யார் என்று நம் இல்லத்துச் சிறுவர் வினவினால், விடை கூறத் தயங்குவோர் நம்மில் உண்டு. சர் சி. வி. ராமனை அறியாத தமிழர் இலர். ராமனுக்கு அழியாப் புகழ் ஈட்டித் தந்த 1928-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பில், அவருக்கு அருகில் நின்று கண்ணும் கையுமாக உழைத்தவர் கிருஷ்ணன். அவருடைய வரலாற்றையும், அன்று அவர் கண்ட மங்கிய ஒளி இன்று எங்கெங்கு பயன்படுகிறது என்பதையும் இம்மலரின் வாயிலாக நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். இன்று அவ்வூர் விருதுநகர் மாவட்டத்தைச் சார்ந்தது. தம் ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிக் கல்வி பயின்றபின், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மேற்படிப்பை முடித்தார். கிறிஸ்தவக் கல்லூரியில் ரசாயனச் செய்முறை வகுப்புகளில் பணியாற்றிய நாட்களில், நண்பகல் இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு பௌதிகம், ரசாயனம், கணிதம் என எதைப் பற்றியும் வினவுவது வழக்கமாயிற்று. பிற கல்லூரி மாணவர்களும் அக்கூட்டத்திற்கு வந்தனர் என்பர்.

அக்காலத்தில் விஞ்ஞான ஆராய்ச்சியில் நாட்டமுள்ள இளைஞருக்குக் கல்கத்தாவே புகலிடம். அங்குப் பௌபஜார் வீதியில், மகேந்திரலால் சர்க்கார் 1876-ஆம் ஆண்டில் தோற்றுவித்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இருந்தது. நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்த ராமன், 1907 முதல் அக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தைத் தம் தவச்சாலையாக்கிக் கொண்டிருந்தார். இருபது வயதைச் சற்றே கடந்த கிருஷ்ணன் கல்கத்தாவுக்குச் சென்று, 1923-ஆம் ஆண்டின் இறுதியில் ராமனுடைய ஆராய்ச்சித் துணைவரானார். தமிழகத்தை விட்டுச் சென்ற அவர், அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வெளி மாநிலங்களிலேயே வாழ்ந்தார். நம்மைப் போன்றே அவரும் ஊர்விட்டு ஊர் வந்து வாழ்ந்தவர்.

திரவங்கள் ஒளியை எவ்வாறு சிதறச் செய்கின்றன என்பதே அப்போது ராமனின் மாணவர்கள் ஆராய்ந்து வந்த பொருள். 1923-இல் கே. ஆர். ராமநாதன் என்னும் மாணவர் நீரை ஆராய்கையில் ஒரு விந்தையைக் கண்டார். பாய்ச்சிய ஒளியின் நிறத்திலேயே சிதறிய ஒளியும் இருத்தல் வேண்டும். ஆனால் அதனுடன் வேறு நிறமுள்ள மிக மங்கிய ஒளியும் கலந்திருந்தது. நீரில் கலந்துள்ள ஏதோ அழுக்கின் காரணமாக எழும் ஒளிர்வு அது என்று முதலில் எண்ணினர். ஒளிர்வு என்பது, ஒரு பொருள் தன்மீது பட்ட ஒளியை விழுங்கி வேறு நிறத்தில் உமிழ்வதாகும். ஆகவே நீரைக் காய்ச்சி வடித்தனர், மீண்டும் வடித்தனர். எத்துணை தூய்மையாக்கினும் அவ்வொளி மறையவில்லை. அடுத்து கிருஷ்ணன் அறுபத்தைந்து திரவங்களைத் தூய்மைப்படுத்தி ஆராய்ந்து, 1925-இல் முடிவுகளை வெளியிட்டார். அவற்றுள் சிலவற்றிலும் அதே மங்கிய ஒளி தோன்றிற்று.

இவ்விடத்தில் நம் இல்லத்தரசியருக்கு ஓர் ஐயம் எழலாம். பன்முறை துலக்கிய பாத்திரத்திலும் போகாத கறை ஒன்று இருப்பின், அதை அழுக்கு என்று கொள்வதா, அப்பாத்திரத்தின் இயல்பான நிறமே அது என்று கொள்வதா? கல்கத்தா ஆய்வுக்கூடத்தினர் எதிர்ப்பட்டதும் இதே ஐயந்தான். அழுக்கு என்னும் விளக்கம் ராமனுக்கு மன நிறைவைத் தரவில்லை. ஆயினும் வேறென்ன என்று துணிவதற்கு மேலும் சில ஆண்டுகள் கழிந்தன.

1928-ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் அந்த ஐயம் தீரும் காலம் வந்தது. கொள்கைக் கணக்குகளிலேயே மூழ்கியிருந்த கிருஷ்ணனைச் சோதனைச்சாலைக்குத் திரும்புமாறு ராமன் வற்புறுத்தினார். அந்நாட்களில் நடந்தவற்றைக் கிருஷ்ணன் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அதனால் இன்றும் அவ்வாரங்களை நாள்வாரியாக நாம் அறிய முடிகிறது. எஸ். வெங்கடேஸ்வரன் என்னும் மற்றோர் ஆராய்ச்சியாளர் கிளிசரினில் சிதறிய ஒளி வழக்கத்துக்கு மாறாகப் பச்சை நிறம் காட்டுவதைக் கண்டிருந்தார். கிருஷ்ணன் சோதனையைத் தொடர்ந்து, பல கரிமத் திரவங்களிலும் அவற்றின் ஆவிகளிலும் அதே மங்கிய ஒளியைக் கண்டார். பிப்ரவரி 7-ஆம் நாள் இரவு ஒன்பது மணியளவில், ராமன் முன்னறிவிப்பின்றிக் கிருஷ்ணன் தங்கியிருந்த வீட்டுக்கு வந்து அவரை அழைத்தார். அன்று காலை கண்டது, தாம் இத்தனை நாளும் தேடிய புதிய வகைச் சிதறலே என்னும் எண்ணம் ராமனுக்குத் தோன்றியிருந்தது. கிருஷ்ணன் கீழே இறங்கி வந்தார். வீட்டு வாயிலில் நின்றபடியே இருவரும் கால் மணி நேரத்திற்கு மேல் அதைப் பற்றி உரையாடினர்.

அவர்கள் கையாண்ட கருவிகள் எளியவை. 18 செ.மீ. அகலமுள்ள தொலைநோக்கி வில்லையொன்றினால் சூரிய ஒளியைக் குவித்து, நீல ஊதா நிறக் கண்ணாடி வழியே திரவத்தில் பாய்ச்சினர். பார்ப்பவர் கண்ணுக்கு முன்னே மஞ்சள் கலந்த பச்சைக் கண்ணாடி ஒன்று இருந்தது. முதற் கண்ணாடி விடும் நிறத்தை இரண்டாம் கண்ணாடி முற்றிலும் தடுத்துவிடும். சிதறிய ஒளி நிறம் மாறாது வருமாயின் காண்பவர்க்கு இருளே தோன்ற வேண்டும். ஆனால் ஒளி தெரிந்தது. வெற்றிடத்தில் பன்முறை காய்ச்சி வடித்த திரவங்களிலும், தூசு நீக்கிய ஆவிகளிலும் அது தெரிந்தது. ஏறத்தாழ அறுபது திரவங்களைச் சோதித்தும் இதே முடிவு கிடைத்தது. மேலும், அவ்வொளியின் அலைகள் பெரிதும் ஒரே தளத்தில் அதிர்ந்தன. சாதாரண ஒளிர்வுக்கு அத்தன்மை இல்லை. ஆதலின் ஒளிர்வு என்னும் ஐயம் நீங்கிற்று. ராமனும் கிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய சிறு கடிதம் மார்ச் 31-ஆம் நாள் இங்கிலாந்தின் நேச்சர் இதழில் வெளியாயிற்று. இதற்கிடையே பிப்ரவரி 28-ஆம் நாள் நிறமாலைகாட்டியின் வழியாக ராமன் அவ்வொளியை ஆராய்ந்து, புதிய நிறம் தனியே பிரிந்து நிற்பதைக் கண்டார். அந்நாளே 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகிறது.

இதன் உட்பொருளை நம் சிறுவர்க்கு இவ்வாறு விளக்கலாம். மண்பாண்டம் வாங்கச் செல்பவர் அதைத் தட்டிப் பார்த்து, எழும் ஒலியினால் அதன் தன்மையை அறிவர். வெண்கலம் ஒருவிதமாக ஒலிக்கும். மண் வேறுவிதமாக ஒலிக்கும். மூலக்கூறுகளும் அத்தகையன. ஒவ்வொரு மூலக்கூறிலும் அணுக்கள் தமக்கே உரிய வேகத்தில் அதிர்கின்றன. ஒளித்துகள் ஒன்று மூலக்கூறின்மேல் மோதிச் சிதறும்போது, மிகச் சில வேளைகளில், தன் ஆற்றலில் ஒரு பகுதியை அந்த அதிர்வுக்குக் கொடுத்துவிடுகிறது. ஆற்றல் குறைந்த ஒளியின் நிறம் மாறுகிறது. எவ்வளவு மாறிற்று என்பதை அளந்தால், மோதப்பட்டது எந்த மூலக்கூறு என்று கூறிவிடலாம். இது நிகழ்வது மிக அரிது. ஏறத்தாழக் கோடித் துகள்களில் ஒன்றே இவ்வாறு நிறம் மாறுகிறது. அந்த ஒன்றைத்தான் கல்கத்தாவில் வெறுங்கண்ணால் கண்டனர்.

1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசு ராமனுக்கு வழங்கப்பட்டது. விளைவும் ராமன் விளைவு என்றே பெயர் பெற்றது. பல ஆண்டுகளாக அவ்வாராய்ச்சியை வகுத்து நடத்தியவர் ராமனே ஆதலின் அப்புகழ் அவருக்கு முற்றிலும் உரியது. தம் நோபல் சொற்பொழிவில் ராமனும் கிருஷ்ணனின் பணியைக் குறிப்பிட்டார். ஆயினும், அப்பெயரில் கிருஷ்ணனுக்கும் இடம் இருந்திருக்கலாகாதா என்னும் கேள்வி அன்று முதல் அறிஞரிடையே எழுந்து வந்திருக்கிறது. கிருஷ்ணன் தாம் பங்கு கேட்டு வாதாடியவர் அல்லர். அவர் செய்த செயலே அவரைக் காட்டும். உலகெங்கிலும் ஆராய்ச்சியாளர் புதிய விளைவை நோக்கி விரைந்தோடிய அதே 1928-ஆம் ஆண்டின் இறுதியில், அவர் கல்கத்தாவை விட்டு டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, காந்தவியல் என்னும் வேறொரு துறையை எடுத்துக்கொண்டார்.

அப்போது டாக்காவில் பௌதிகப் பேராசிரியராக விளங்கியவர் சத்யேந்திரநாத் போஸ். அங்குக் கிருஷ்ணன் சிறு படிகங்களை மெல்லிய இழையில் காந்தப் புலத்தினுள் தொங்கவிட்டு, அவை எவ்வளவு திரும்புகின்றன என்று அளந்தார். திரும்பும் அளவிலிருந்து, படிகத்தினுள் மூலக்கூறுகள் எத்திசையில் அடுக்கப்பட்டுள்ளன என்று கணக்கிட முடிந்தது. 1933-இல் ராமன் பெங்களூருக்குச் சென்றபின், கல்கத்தாக் கழகத்திலேயே மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகக் கிருஷ்ணன் திரும்பி வந்தார். இங்கிலாந்தின் கேத்லீன் லான்ஸ்டேலுடன் சேர்ந்து 1936-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1940-இல் லண்டன் ராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. அச்சிறப்பு அவருக்குத் தம் சொந்த உழைப்பாலேயே கிட்டிற்று. 1942 முதல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறைத் தலைவராக இருந்து, உலோகங்களின் மின்தடையை ஆராய்ந்தார். 1946-இல் சர் பட்டம் பெற்றார்.

நாடு விடுதலை அடையும் தறுவாயில் அவர் தில்லிக்கு வந்தார். 1947 ஜனவரி 4-ஆம் நாள் நேரு அடிக்கல் நாட்டிய தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்திற்கு அவரே முதல் இயக்குநர். 1950 ஜனவரி 21-ஆம் நாள் சர்தார் வல்லபாய் படேல் அதைத் திறந்து வைத்தார். படி, மரக்கால், சேர், மணங்கு என ஊருக்கு ஊர் வேறுபட்ட அளவைகளை நீக்கி, மெட்ரிக் முறையை நாடு ஏற்றது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தினால். அம்முறைக்குரிய தேசிய மூல அளவைகளைக் காக்கும் பொறுப்பு இந்த ஆய்வுக்கூடத்துக்கு அமைந்தது. 57-ஆம் எண் கொண்ட கிலோகிராம் படிவமும் அங்கேயே வைக்கப்பட்டது. 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்காளர் விரலில் இடப்பட்ட அழியா மையும் அந்த ஆய்வுக்கூடம் வகுத்ததே. 1948-இல் அமைந்த அணுசக்திக் குழுவில் ஹோமி பாபாவுடனும் சாந்தி ஸ்வரூப் பட்னாகருடனும் கிருஷ்ணன் இடம்பெற்றார். 1954-இல் பத்மபூஷணும், 1958-இல் முதலாவது பட்னாகர் பரிசும் அவரை அடைந்தன. நிருவாகப் பொறுப்புகள் பெருகியபோதும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. மின்சாரத்தால் சூடேறும் மெல்லிய கம்பிகளில் வெப்பம் எவ்வாறு பரவுகிறது என்பதைத் தம் இறுதிக்காலம் வரை ஆராய்ந்தார். 1961 ஜூன் மாதத்தில் தில்லியில் அவர் வாழ்வு முடிந்தது.

அவர் மறைவதற்கு ஓராண்டு முன்பு, 1960 மே மாதத்தில், அமெரிக்காவில் தியோடர் மெய்மன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். ஒரே நிறமும் மிகுந்த செறிவும் உடைய ஒளி அது. கோடியில் ஒன்றாகச் சிதறும் கதிரைத் தேடுவோர்க்கு இதைவிடச் சிறந்த விளக்கு வேறில்லை. 1962-லேயே லேசரைக் கொண்டு ராமன் விளைவை அளக்கத் தொடங்கிவிட்டனர்.

ஆயினும் பழைய இடையூறு தொடர்ந்தது. பல பொருள்கள் லேசர் ஒளி பட்டவுடன் தாமே ஒளிர்ந்து, மங்கிய ராமன் ஒளியை மூழ்கடித்துவிடும். கல்கத்தாவில் ஆய்வாளரை மயக்கிய அதே ஒளிர்வுதான் இது. இதற்கு மாற்றாக அமைந்தது அகச்சிவப்பு லேசர். கண்ணுக்குப் புலனாகும் சிவப்பின் எல்லை ஏறத்தாழ 700 நானோமீட்டர். அதற்கு அப்பால் உள்ள, கண்ணுக்குத் தெரியாத கதிர்களை 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானியின் துணைகொண்டு கண்டறிந்தார். 785 அல்லது 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசரைப் பாய்ச்சினால், பொருள்களை ஒளிரச் செய்ய அதன் ஆற்றல் பெரும்பாலும் போதாது. ஒளிர்வு அடங்க, சுவடு தெளிவாகிறது.

இதற்கு உடன்பிறந்த முறை ஒன்றும் உண்டு. மூலக்கூறுகளின் அதிர்வு வேகங்கள் அகச்சிவப்புக் கதிர்களின் வேகத்துடன் பொருந்துவன. ஆகவே, அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றி அகச்சிவப்புக் கதிர்களைப் பாய்ச்சினால், ஒவ்வொரு பொருளும் தனக்குரிய அலைநீளங்களை மட்டும் விழுங்கிக்கொள்ளும். பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964-இல் கரியமில வாயு லேசரை அமைத்தார். அதன் கதிர் 10.6 மைக்ரோமீட்டர் அளவினது. 1994-இல், விரும்பிய அகச்சிவப்பு அலைநீளத்துக்கு ஏற்பச் செய்யத்தக்க புதுவகைக் குறைக்கடத்தி லேசர் தோன்றிற்று. அத்தகைய லேசரை ஒரு வண்டியின் கதவின் மீதோ பெட்டியின் கைப்பிடியின் மீதோ சில மீட்டர் தொலைவிலிருந்து படரவிட்டுத் திரும்பும் ஒளியை அளந்தால், வெடிமருந்தைத் தொட்டவர் விரல் அங்கு விட்டுச் சென்ற துகள்களை அறியலாம். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் சில பங்கு என்னும் அளவே அங்கு இருக்கும். கையால் தொடாமலும், மாதிரி எடுக்காமலும் இதைச் செய்யலாம் என்பதே இம்முறையின் சிறப்பு.

இப்பணி எளிதன்று. எச்சம் சீரான பூச்சாக இராது. சிதறிய மணிகளாக இருக்கும். கதவின் வண்ணப்பூச்சும் தன் நிறமாலையை உடன் சேர்த்து அனுப்பும். எது வண்டியின் குரல், எது வெடிமருந்தின் குரல் என்று பிரித்தறியக் கணிப்பொறியும், முன்னரே சேர்த்து வைத்த நிறமாலைத் தொகுப்பும் தேவை. தவறாக ஐயுற்றால் குற்றமற்றவர் துன்புறுவர். தவறவிட்டால் பலர் உயிர் போகும்.

நம் அடுக்களைக்கும் இதனால் பயன் உண்டு. 1974-இல் இங்கிலாந்தில், சொரசொரப்பான வெள்ளியின் மேல் படிந்த பொருள் மிக வலிமையான ராமன் ஒளி தருவதைக் கண்டனர். அவ்வொளி இலட்சக்கணக்கான மடங்கு பெருகுகிறது என்று 1977-இல் தெளிவாயிற்று. 1997-இல் ஒரே ஒரு மூலக்கூறின் ஒளியையும் கண்டறிந்தனர். ஆப்பிள் பழத்தின் தோலில் தைராம் போன்ற பூஞ்சைக் கொல்லியின் எச்சம் உள்ளதா என்று வெள்ளி நுண்துகள்களைத் தூவி அறியும் முறையை ஆய்வாளர் இதன் வழியே வகுத்துள்ளனர். 2021-இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் வண்டியும் ராமன் கருவிகளைத் தாங்கிச் சென்று, அங்குள்ள பாறைகளின் மேற்பரப்பை ஆராய்ந்தது.

எண்ணிப் பார்க்குமிடத்து இது வியப்புக்கு உரியது. எத்துணை தூய்மையாக்கினும் மறையாத ஒளி, அழுக்கின் விளைவு என்று முதலில் ஐயுறப்பட்டது. கிருஷ்ணன் திரவங்களை வடித்து வடித்துச் சோதித்த பின்னரே, அது பொருளின் சொந்தக் கையொப்பம் என்று உறுதியாயிற்று. இன்றோ, கண்ணுக்குத் தெரியாத அழுக்கைக் கண்டுபிடிக்க உலகம் நாடுவது அதே ஒளியைத்தான். வடித்தல் என்னும் பொறுமை மிகுந்த வேலை அன்று சரியாக நடந்திராவிடில், அழுக்கு என்னும் ஐயம் அவ்வளவு எளிதில் நீங்கியிராது.

கிருஷ்ணன் தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த பற்றுடையவர். விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதியவர். கல்கத்தா, டாக்கா, அலகாபாத், தில்லி என நான்கு ஊர்களில் வாழ்ந்தும் அப்பற்று குறையவில்லை. வடபுலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அவர் வாழ்வில் இரண்டு செய்திகள் உள. தாய்மொழியைக் காக்க ஊரிலேயே இருத்தல் வேண்டுவதில்லை என்பது ஒன்று. கைக்கு வந்த வேலையைக் குறைவின்றிச் செய்து, பெயர் எவர்க்குச் சேர்கிறது என்னும் கணக்கில் நாளைக் கழிக்காது அடுத்த வேலைக்குச் செல்லலாம் என்பது மற்றொன்று. பள்ளிச் சோதனைச்சாலையில் ஒரு குடுவையைக் கழுவும் சிறுவனும் சிறுமியும், அதை மீண்டும் ஒருமுறை கழுவுவதற்கு இவர் வரலாறு துணை செய்யுமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் அடைந்தவராவோம்.